இரைச்சலில் கேட்கும் காது

"எவ்ளோ சின்ன சத்தமா இருந்தாலும் கேட்டவுடனே அழுத்துங்கக்கா" என்று பொத்தானைக் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள் நிஷா. காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து பார்ப்பது அவள் வேலை. அந்த அடைத்த அறைக்குள் ரத்னாவுக்குத் தன் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரகுபதி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெண்டாட்டிக்குக் காதில் என்னவோ என்று கவலைப்பட்டு வந்தவன் மூஞ்சியா அது? கையும் களவுமாகப் பிடிக்க வந்தவன் மூஞ்சி. அவனையே முறைத்துக்கொண்டு, கேட்டபோது மட்டும் அழுத்தினாள். அதிக நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டில் முன்பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் பாத்ரூமில் மாமியார் வழுக்கி விழுந்து, அரைமணி நேரமாக அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து பிளாக்கிலிருந்து நாத்தனார் தேவானை வந்துதான் தூக்கினாள். இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்து, இப்போது கூடத்துக் கட்டிலில் கிழவி படுத்த படுக்கை. "வாசப்படில கால வெச்சதுமே எனக்கு எங்கம்மா கத்துறது கேக்குது. உள்ள குந்திக்கினு கீறவளுக்குக் கேக்கலியாம்" என்று தேவானை மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து குழாயடியில் ரத்னாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவர்களிடம் அத்தாட்சி இருந்ததுதான் கொடுமை. ரத்னா வேலை செய்வது மந்தைவெளியில் ஒரு மாவு மில்லில். இரண்டு மெஷினும் ஓடும்போது யார் வந்து என்ன சொன்னாலும் பட்டென்று பதில் சொல்வாள். மிளகாய் தனியா, கோதுமை தனியா, ரவை பதமா, நைஸா, ஒன்றும் தப்பாது. பஸ்ஸில் பேசினால் கேட்கும். மார்க்கெட்டில் கேட்கும். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், எதிரே இருப்பவன் பேசுவது பாதிதான் வந்து சேரும். "வோணும்னா கேக்கும், வோணாம்னா கேக்காது. இன்னா காதும்மா இது" என்று ரகுபதி மகள் கயல் பிறந்த நாளிலிருந்து கேலி பேசிக்கொண்டிருந்தான். மாமியார் விழுந்த பிறகு அது கேலியாக இல்லை.

எல்லாவற்றையும்விட ஒன்று அவளை அறுத்தது. மாமியார்மேல் அவளுக்குப் பாசம் பொங்கி வழிந்ததில்லை. ஊர் முழுக்கச் சொன்னபோது, ஒருவேளை கேட்டும்தான் உட்கார்ந்திருந்தேனோ என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். கீரைக் காம்பைக் கிள்ளிய ஒவ்வொரு கிள்ளலையும் யோசித்துப் பார்த்தாள். தன் மனசையே தான் சந்தேகப்படும்படி இந்த ஆட்கள் பண்ணிவிட்டார்களே என்று பல்லைக் கடித்தாள்.

சோதனை முடிந்ததும் நிஷா இருவரையும் உட்காரவைத்து, ரத்னாவின் முகத்தைப் பார்த்து உரக்கவே பேசினாள்.

"நரம்பு நல்லா இருக்குக்கா. காதுக்குப் பின்னாடி எலும்புல கருவிய வெச்சப்போ நல்லா கேட்டுச்சு இல்ல? நடுக்காதுல ஒரு குட்டி எலும்பு அசையணும். உங்களுக்கு அது இறுகிப்போச்சு. டாக்டரும் அதத்தான் எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் வர்ற நோய் இல்ல இது. சில பேருக்குப் பிரசவத்துக்கப்புறம் ஜாஸ்தியாகும்."

"அப்ப மில்லுல மட்டும் எப்டிம்மா கேக்குது?" ரகுபதி கடைசிச் சீட்டைக் கீழே போட்டான்.

"அதுதான் சார் இந்த நோயோட அடையாளமே. சத்தம் இருந்தா நாம கத்திப் பேசுவோம். மெஷின் சத்தம் நமக்கு இடைஞ்சல், இவங்களுக்கு அது கம்மியாத்தான் உள்ள போகும். அதனால இரைச்சல்ல கேட்கும், அமைதியான வீட்லதான் கேட்காது. நடிக்கிறாங்கன்னு வீட்ல திட்டு வாங்கிட்டு வர்றவங்க நிறைய பேர்."

ரகுபதி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். "ஆபரேஷன் பண்ணா செரியாப் பூடுமா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். ரத்னா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

திரும்பும்போது பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டுதான் கிடைத்தது. கூட்டம், ஹாரன், யாரோ போனில் சண்டை. அவளுக்கு எல்லாம் கேட்டது. அவன் பேச நினைத்திருந்தால் அதைவிடத் தோதான இடம் கிடையாது. அடையாறு பாலம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் கட்டிலோரம் தேவானை டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாவாம்?" என்றாள் தம்பியிடம்.

"காதுல எதோ எலும்பாம்" என்றான் அவன். ரத்னா அவன் உதட்டைப் படித்தாள். அதற்கு மேல் அந்த உதடு அசையவில்லை. தேவானை தலையை ஆட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்னா சமையலறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அவனும் வந்து கதவோரம் நின்றான். கூடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டு என்னவோ முனகினான். 'தப்பா' என்பது மட்டும் உதட்டில் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படி நின்றதே இல்லை. ஆனால் கூடத்தைத் திரும்பிப் பார்த்தானே, அதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னா சொன்ன?"

அவன் இன்னும் மெதுவாகச் சொன்னான்.

ஊரெல்லாம் கேட்கப் பழி போட்டாயிற்று. மன்னிப்பு மட்டும் அடுப்பு மேடைக்கே கேட்காமல். ரத்னா மிக்ஸியை இழுத்து, வெறும் ஜாரை வைத்து, சுவிட்சைப் போட்டாள். பாத்திரமெல்லாம் அதிர்ந்தது.

"இப்ப சொல்லு."

"இன்னா பண்ற, நிறுத்து."

"இது ஓடுனாத்தான் எனக்குக் கேக்கும். அந்தப் பொண்ணு சொல்லுச்சே, நீயும் கேட்டுக்கினுதான இருந்த."

கூடத்தில் தேவானை டிவியை அமர்த்தினாள். மாமியார் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ரகுபதி இரண்டு பக்கமும் பார்த்தான். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தான்.

ரத்னா மிக்ஸியின் குமிழை மூன்றுக்குத் திருப்பினாள்.