செவ்வந்தி தனியாக வரவில்லை

ஆலங்காயத்தில் வேலைவாய்ப்பு முகாம் என்றால், வேலை வேண்டிய பிள்ளை பஸ் ஏறிப் போக வேண்டியதுதானே? ஜவ்வாது மலையில் செவ்வந்தியின் ஊரில் அந்த நியாயமெல்லாம் செல்லாது. பெண் பார்க்கப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, அங்கே யாரும் ஒற்றை ஆளாய்ப் போவதில்லை. ஊரே கிளம்பும். பாலிடெக்னிக் முடித்த முதல் பெண் வேலை கேட்கப் போகும்போது மட்டும் சும்மா இருப்பார்களா? ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் காசி டாட்டா ஏஸ் வண்டியே பிடித்துவிட்டார்.

"யாரும் வராதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று அழாத குறையாகக் கேட்டாள் செவ்வந்தி.

"நாங்க இன்னா உன் வேலையவா புடுங்கிக்கப் போறோம்? ஓரமா நிப்போம், போ" என்றாள் அம்மா முத்தம்மா, புளிச்சோற்றுத் தூக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டே.

ஓரமாவது ஒன்றாவது! முகாம் நடந்த பள்ளிக்கூட வாசலில் பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக இறங்கிய கூட்டத்தைப் பார்த்துக் காவலாளி, "யார் வூட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். செவ்வந்திக்கு மானமே போயிற்று. இவர்கள் யாரோ, தான் யாரோ என்பது போல விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டாள்.

அவள் கவலை அவளுக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். ஏற்கெனவே பாலிடெக்னிக்கிலேயே நடந்த இரண்டு முகாம்களில் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் போனால் படித்ததை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். தோழி ரம்யா போனில் பாடமே நடத்தியிருந்தாள். சிரித்த முகமாய் இரு, கண்ணைப் பார்த்துப் பேசு, தனியாக வந்தேன் என்று சொல், தைரியசாலி என்று நினைப்பார்கள்.

ஆள் எடுக்க வந்திருந்த ஜெயசுதா மேடம் கேட்டதற்கெல்லாம் செவ்வந்தி டக்டக்கென்று பதில் சொன்னாள்.

"யாரோட வந்தீங்க?"

"தனியாத்தான் மேடம்."

மேடத்தின் முகம் அங்கேதான் மாறியது. பேனாவை மூடினார். "நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா மலையில எடுத்த பொண்ணுங்க பண்டிகைக்கு ஊருக்குப் போனா திரும்பி வர்றதே இல்லம்மா. வீட்டுல விடறதில்ல. இங்க வரைக்கும் கூட வரவே ஆள் இல்லன்னா, நாளைக்கு அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவாங்க?"

செவ்வந்தி பார்வையைத் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், கொண்டுவந்த சோற்றைக்கூடப் பிரிக்காமல் ஊர் மொத்தமும் இந்த அறையையே பார்த்துக்கொண்டு நின்றது. இவர்களையா இல்லை என்று சொன்னோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"பொய் சொல்லிட்டேங்க மேடம். இத்தினி பேர் வந்தா சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன். அதோ நிக்கிறாங்க பாருங்க, எல்லாரும் எனக்காக வந்தவங்க. கூப்புடட்டுங்களா?"

கூப்பிட்டாள். அறை நிறைந்தது. மலைப் பெண்கள் வேலைக்குத் திரும்பாததைப் பற்றி மேடம் சொன்னதை அவர்களிடம் சொன்னாள். மேடம் வாயெடுப்பதற்குள் முத்தம்மா ஆரம்பித்துவிட்டாள். "பொண்ணு தங்குற எடம் எப்பிடிங்க? ராத்திரி வேலைன்னா வண்டி வுடுவீங்களா? காய்ச்சல்னு படுத்தா யார் பாப்பாங்க?"

"பக்கத்து ஊரு பொண்ணுங்க ஏன் திரும்பலன்னு கேட்டீங்கன்னா," என்றார் காசி, "அந்த எடத்தப் பத்தி பெத்தவங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலிங்க. தெரியாத எடத்துல பொண்ண எப்பிடி வுடுறது?"

ஜெயசுதா நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். தன் செல்போனில் விடுதியைக் காட்டினார், சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினார், இரவு வேன் பற்றி விளக்கினார். எல்லாம் சிரித்த முகமாய், கண்ணைப் பார்த்து! ரம்யா இருந்திருந்தால் மெச்சியிருப்பாள். செல்போன் கை மாறி மாறி ஊரைச் சுற்றி வந்தது.

காசி எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "உங்க கம்பெனி எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. வாக்கு குடுத்துட்டா மாற மாட்டோம். எங்க பொண்ணு உங்களுக்குப் புடிச்சிருக்கா, சொல்லுங்க."

ஜெயசுதா வாய்விட்டுச் சிரித்தார். மூடிய பேனாவைத் திறந்தார்.

திரும்பும்போது வாசலில் அதே காவலாளி, "இன்னாம்மா, இவங்கல்லாம் உன்கூட வந்தவங்களா?" என்றார்.

"ஆமாங்க, எங்க ஊருங்க!" நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள் செவ்வந்தி. காசி விட்டுக்கொடுத்த முன் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டியின் பின்னால் ஏறி, கூட்டத்தின் நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.