ஊற்றங்கரையில் வைத்த பேர்

ஞானபூரணி நர்சு தெருமுனையில் குடையை மடக்கியபோது, இருளம்மாள் வாசலில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம். தீப்பெட்டிக் கம்பெனி விட்டு வந்து கை கால் கழுவிய ஈரம்கூட இன்னும் காயவில்லை. ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தல் முடிந்து மாதம் ஒன்றாகியும், எதிர்ச்சுவரில் எழுதிய சுண்ணாம்பு எழுத்தை யாரும் அழித்திருக்கவில்லை. அந்தச் சுவரோரமாக வெள்ளைச் சேலை வருவதைக் கண்டதும் தெருவே எட்டிப் பார்த்தது.

சிவகாசி ஆஸ்பத்திரி நர்சம்மாவை வெம்பக்கோட்டைப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஊசி போட வந்தாலும் தெருமுனையில் நின்று ஆளனுப்பிக் கூப்பிடுகிறவள் அவள். இன்றைக்கு நேரே வாசலுக்கே வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த உரலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். போதாக்குறைக்குக் குடிக்கத் தண்ணீர் வேறு கேட்டாள். கொடுத்த செம்பை வாய் வைத்தே குடித்தாள். பெரிய காரியமாகத்தான் வந்திருக்கிறாள் என்று இருளம்மாளுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

"டீச்சரும் பிள்ளையும் சொகமா இருக்காகளா நர்சம்மா?"

"இருக்காக. நாளைக்குக் கோயில்ல பிள்ளைக்குப் பேர் எழுதணும். சாமியார் உன்னையும் வரச் சொல்லிருக்காரு."

"என்னையவா? நான் அங்கன வந்து என்ன செய்யப் போறேன்?"

நர்சம்மா செம்பைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு ஆத்துல பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனியே, என்ன பேரச் சொல்லி ஊத்துன?"

"என் பேரத்தான்," என்றாள் இருளம்மாள். அதில் என்ன கேள்வி என்று அவளுக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். நர்சம்மாவின் தம்பி சேசுராஜ் சாத்தூரில் கணக்குப்பிள்ளை. அவன் மனைவி ஜெயசீலி வெம்பக்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட டீச்சர். பிரசவத்துக்கு இன்னும் இருபது நாள் கிடக்கிறது என்று எல்லோரும் மெத்தனமாக இருக்க, ஒருநாள் விடியற்காலையில் வலி கண்டுவிட்டது. சிவகாசி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். வைப்பாற்று மணலில் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. வண்டிக்காரன் நாகையா ஆள் கூட்டிவர ஓடினான். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த இருளம்மாள், சத்தம் கேட்டு வண்டிக்குள் தலையை விட்டாள். அவளும் மூன்று பெற்றவள். மற்றதெல்லாம் கால் நாழிகையில் முடிந்தது. ஆனால் பிள்ளை அழவில்லை. உடம்பெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல் விடக்கூடாது என்பது கிறிஸ்தவ வேதக்காரர்களின் சட்டம். சாமியார் பக்கத்தில் இல்லையென்றால் யாரும் கொடுக்கலாம், வேதத்தில் சேராதவர்கள்கூட. ஒருமுறை கொடுத்துவிட்டால் மறுமுறை கிடையாது. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இதை ஒப்பிக்க வைத்த டீச்சர், எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கிடந்தபடியே சொன்னாள்: "இருளம்மா, தண்ணி ஊத்து. பேரச் சொல்லி ஊத்து. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லு."

பேரைச் சொல் என்றால் யார் பேரை? குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்தாலும் சரி, கிடாய்க்கு மஞ்சத்தண்ணி தெளித்தாலும் சரி, செய்கிறவள் தன் பேரைச் சொல்லித்தான் செய்வாள். யார் கேட்கிறார்கள் என்று சாமிக்குத் தெரிய வேண்டாமா? இருளம்மாளுக்குத் தெரிந்த முறை அது. அவள் தன் பேரை உரக்கச் சொல்லித் தண்ணீரை ஊற்றினாள்.

நர்சம்மா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகுதான், ஊற்றுகிறவள் பேரைச் சொல்லக் கூடாது, பிள்ளைக்கு வைக்கிற பேரைச் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த முறம் மடியில் சரிந்தது.

"அப்பம் அந்தப் பிள்ளைக்கு என் பேரா?"

"அதத்தான் ஜெயசீலி பிடிச்ச பிடியா நிக்கா. உயிர் வந்த பேரு, மாத்த மாட்டேங்கா." நர்சம்மாவின் குரல் இறங்கியது. "எங்க அம்மா லூர்தம்மா சாகும்போது தம்பிக்கு ஆறு வயசு. நான்தான் அவனத் தூக்கி வளத்தேன். அவனுக்குப் பொம்பளப்பிள்ள பொறந்தா அம்மா பேருதான்னு இருபது வருசமா மனசுல வச்சிருக்கேன். அவ மயக்கத்துல கேட்டது சாட்சியாகாது. ஊத்துன உன் வாயால சொன்னாத்தான் சாமியார் எடுத்துக்கிடுவாரு. என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லைன்னு சொல்லிரு தாயி. அப்பம் அது செல்லாமப் போயிரும், அவரு மறுபடி தண்ணி ஊத்தி எங்க அம்மா பேர வச்சிருவாரு."

தாயி என்றுவிட்டாளே! இருளம்மாளுக்கு மனசு இளகிப்போயிற்று. பெற்ற தாயின் பேருக்காக ஒருத்தி இந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கிறாள். அதுவும் போக, மேரியும் தெரசாளுமாக உட்கார்ந்திருக்கிற பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை மட்டும் இருளம்மாள் என்று எழுந்து நிற்க வேண்டுமா? சிரிக்க மாட்டார்களா? சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டாள். ஆனால் கஞ்சி குடிக்கும்போது, இந்த உலகத்தில் தன் பேரோடு ஒரு குட்டிப்பிள்ளை முப்பது நாளாகப் பால் குடித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வந்தது. அடக்க மாட்டாமல் சிரித்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து சலித்துவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் தங்கச்சாமி, "என்னளா, தனியாச் சிரிக்க?" என்றான். அவள் சொல்லவில்லை.

மறுநாள் பூசை முடிந்து, சாமியார் பங்களாத் தாழ்வாரத்தில் எல்லோரும் கூடினார்கள். தும்பைப்பூத் தாடியோடு வயதான சாமியார், முன்னால் மேசையில் நீளமான ஞானஸ்நானப் புத்தகம். ஜெயசீலி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். சேசுராஜ் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மனுஷன் வேறு என்னதான் செய்வான்!

இருளம்மாள் தூணோரம் நின்றாள். இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். தீக்குச்சி அடுக்கி அடுக்கிக் காய்த்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஜெயசீலி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தேகத்தின் சாயலே இல்லை. இருளம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. வேறு பக்கம் பார்த்தாள்.

"அன்னைக்கு நீ என்ன சொல்லித் தண்ணி ஊத்தினேம்மா?" என்று கேட்டார் சாமியார்.

"ஞாபகம் இல்ல சாமி," என்றாள்.

ஜெயசீலியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நர்சம்மா மெல்ல மூச்சு விட்டாள். சாமியார் பேனாவை மூடிக்கொண்டே, கோபமில்லாமல், நடந்ததை முடித்துவைக்கிற தோரணையில் சொன்னார்: "அப்போ ஒண்ணுமில்லை. வார்த்தை இல்லாட்டா அது வெறும் தண்ணிதான். இனிமேதான் கொடுக்கணும்."

வெறும் தண்ணியா? இருளம்மாளுக்கு உச்சந்தலை வரை சுரீரென்று ஏறியது. உள்ளங்கையில் கிடந்த அந்தப் பிள்ளையின் கனம் மறுபடியும் கையில் தெரிந்தது. நர்சம்மா, லூர்தம்மா, பள்ளிக்கூடம் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"வெறுந்தண்ணின்னு சொல்லாதீக சாமி!" என்றாள். தாழ்வாரத்தில் எல்லோரும் திரும்பினார்கள். "நான் பொய் சொல்லிட்டேன். ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. 'இருளம்மா, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் பண்ணுகிறேன்.' மூணு தடவ கையில மொண்டு தலையில ஊத்துனேன். மூணாவது கைத்தண்ணிக்கு மூஞ்சியச் சுளிச்சிச்சு. ஒரு தும்மல் போட்டுச்சு. அப்புறந்தான் அழுதுச்சு. நான் மனசார ஊத்துன தண்ணி சாமி அது."

ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டாள். பரிசுத்த ஆவியைச் சொல்கிற அந்த இஸ்பிரீத்துசாந்துவில் படித்தவர்களே தடுமாறுவார்கள்.  சாமியார் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"செல்லும். மறுபடி ஊத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. இனிப் பேர்தான் பாக்கி. அதைப் பெத்தவங்க சொல்லணும். ஆனா மாதா பேரோ, புனிதரான அர்ச்சியசிஷ்டவர் பேரோ ஒண்ணு கூட இருக்கணும், அது சபையோட முறை."

"இருளம்மாள்தான் சாமி," என்றாள் ஜெயசீலி. குரல் தெளிவாக இருந்தது. "கூடச் சேக்கிறத மதினி சொல்லட்டும்."

நர்சம்மா முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எத்தனையோ பிரசவத்துக்குக் கலங்காத கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. முதலிடம் போய்விட்ட பிறகு அம்மாவின் பேரை இரண்டாவதாக வாங்கிக்கொள்ள அவளுக்கு ரோஷம் விடவில்லை.  யாரும் பேசாததால் இருளம்மாளே பேசினாள். பொய்யை உதறின பிறகு அவளுக்கு வாய் நன்றாகவே திறந்துகொண்டது.

"நர்சம்மா, நான் சொல்றேன்னு கோவிக்காதீக. உங்க அம்மா பேரச் சேத்து எழுதச் சொல்லுங்க. என் பேரு மணல்லயும் முள்ளுலயும் நடந்து பழகுன பேரு, அது முன்னால போகட்டும். உங்க அம்மா பின்னாலயே பிள்ளையப் பாத்துக்கிட்டு வரட்டும். பொம்பளப்பிள்ளைக்குப் பின்னால ஒரு ஆளு வேணுமில்ல?"

சாமியார் தாடிக்குள் சிரித்தார். நர்சம்மா சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். "எழுதுங்க சாமி," என்றாள்.

இருளம்மாள் லூர்து என்று எழுதினார்கள். அந்தப் புத்தகத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒரு பேர் ஏறியதில்லை என்று, சாமியாருக்குக் கோயில் வேலைகளில் உதவுகிற கோயில்பிள்ளை வேதமாணிக்கம் முணுமுணுத்தார். தண்ணீர் ஊற்றியவள் என்ற இடத்தில் இருளம்மாளின் பேரையும் எழுதி, இடது கைப் பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எது தன் பேர் என்று கேட்டாள். ஜெயசீலி அவள் விரலைப் பிடித்து மேலே ஓரிடத்தில் வைத்தாள். பிறகு கீழே ஓரிடத்தில் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு டீச்சர்," என்றாள் இருளம்மாள்.

"ஒண்ணுதான்," என்றாள் ஜெயசீலி.

வெளியே வெயில் ஏறிவிட்டது. ஜெயசீலி வண்டியில் ஏறுவதற்காகப் பிள்ளையை நர்சம்மா வாங்கிக்கொண்டாள். கை மாறியதும் அது வீறிட்டு அழ ஆரம்பித்தது. இருளம்மாள் சொல்லிக்கொண்டு ஆற்றுப்பாதையில் நடந்தாள். பத்தடி போவதற்குள் பின்னால் நர்சம்மாவின் குரல் கேட்டது. "லூர்து, லூர்தும்மா, அழக்கூடாது." அழுகை கூடத்தான் செய்தது. தோளில் போட்டுத் தட்டினாள், குடையை விரித்து நிழல் காட்டினாள், நாக்கைச் சொடுக்கினாள். ஒன்றும் பலிக்கவில்லை.  கடைசியில், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "ஏ இருளம்மா" என்றாள்.

இருளம்மாள் சட்டென்று திரும்பினாள். "என்னங்கம்மா?"

நர்சம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "உன்னையில்ல," என்றாள். "நீ போ."

இருளம்மாள் நடையைக் கட்டினாள். ஆற்று மணல் காலைச் சுட்டது. வெயிலுக்கு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மைப் பெருவிரல் மட்டும் சேலையில் பட்டுவிடாமல் வெளியே விறைத்து நின்றது.