பூமிதித் திங்கட்கிழமை

படைக்கிடங்கில் குண்டு வெடித்து மூன்று பேர் செத்த பிறகுதான், கூலிக்காரனுக்கும் மனசு என்று ஒன்று உண்டு என்பது துரைமார்களுக்கு நினைவுக்கு வந்தது. புதன்கிழமைதோறும் டாக்டர் கேப்டன் ஒருவர் வருவார், தூக்கம் கெட்டவர்களும் கை நடுங்குகிறவர்களும் அவரிடம் மனம்விட்டுப் பேசலாம், பேசியது அந்த அறையைத் தாண்டாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்கள் அதற்கு 'அழுகை ரூம்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நாலு வாரம் ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை.

கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஜலாலுதீனை மொழிபெயர்க்க உட்கார வைத்து, கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். செத்தவர்களில் ஒருவரான அப்துல் கஃபார் அவனுடைய தங்கை புருஷன். அதை மேலே யாரும் யோசிக்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மச்சானை அடக்கம் செய்த நாளிலிருந்து அவனுக்கு எதுவுமே உறைக்கவில்லை. பச்சை மிளகாயைக் கடித்தாலும் சப்பென்றுதான் இருந்தது.

டன்லப் தெரு வீட்டில் தங்கை ரபியா வெள்ளைச் சேலையில் இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. வாசல் கிடக்கட்டும், சோற்றுத் தட்டைத் தாண்டுவதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு கவளம் எடுப்பாள், வைத்துவிடுவாள். பிறகு அண்ணனை 'நானா' என்று கூப்பிட்டுத் தொடங்குவாள்.

"அன்னைக்கு அவுகளுக்கு லீவு, நானா. ஊட்டுல சும்மா கெடக்குறதுக்கு வேலைக்காச்சும் போகலாமேன்னு நாந்தான் ஏசுனேன். ஒரு வார்த்தை பேசாம டிபன் கேரியரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. நாந்தான் அனுப்புனேன்."

தினமும் இதே பாட்டுதான். ஜலாலுதீன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பான். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆளில்லை; சொல்ல அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறு புதன், அழுகை ரூம் கதவை ஒருவன் தள்ளினான். குண்டுப் பெட்டி தூக்கும் வேலாயுதம். கஃபாரின் கூட்டாளி. ஜலாலுதீனைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தான். கேப்டன் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தான்.

"இவருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இத்தனை நாளா வாயத் திறக்கல. இவரில்லாம துரைகிட்ட சொல்லவும் வழியில்ல," என்றான், மேஜையைப் பார்த்து.

ஜலாலுதீன் இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. இந்துக்களின் திருநாளில் முஸ்லிம் ஆள் முறை மாற்றிக்கொள்வான்; பெருநாளன்று இந்து ஆள் அவனுக்காக நிற்பான். தலைக்கணக்கு சரியாக இருந்தால் ஆட்களை மேய்க்கும் மண்டோர் கண்டுகொள்ள மாட்டான். ஆனால் மேலே தெரிந்தால் சீட்டுக் கிழியும். அதனால் வீட்டில்கூட மூச்சு விடமாட்டார்கள்.

"பூமிதித் திங்கக்கெழமை, துரை. மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டிருந்தேன். லீவு கெடைக்கல. 'நீ போய்ப் பூ மிதி லா, நான் பாத்துக்கிறேன்'னு முந்தின நாளே கஃபார் சொல்லிட்டாரு. என் எடத்துல நின்னாரு. நெருப்புல நடந்த எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்ல. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் தெரியல. புள்ள கீழ விழுந்து அழுதா, யாரோ எங்கேயோ அழுற மாதிரி இருக்கு."

ஜலாலுதீன் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னான். சரக்குப் பட்டியல் வாசிப்பது போலவே வாசித்தான்.

கேப்டன் நெடுநேரம் பேசினார். குற்றம் உன்னுடையதல்ல என்றார், அடுத்த வாரமும் வரச் சொன்னார். வேலாயுதம் எழுந்தபோது முதன்முறையாக ஜலாலுதீனைப் பார்த்தான்.

"வெளிய தெரிஞ்சா வேலை போயிரும், கிராணி. நாலு புள்ளைங்க."

"வெளிய தெரியாது," என்றான் ஜலாலுதீன்.

வீட்டுக்குத் தேக்கா பஸ்ஸில் வரும்போது அவனுக்கு வேலாயுதத்தின் மேல் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. காத்திருந்தான். வரவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது: ரபியா ஏசியதால் மச்சான் போகவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன்பே போவதென்று முடிவாகியிருந்தது. அந்த ஒரு வரி போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். அந்த ஒரு வரியைச் சொன்னால் யாருக்காக, எதற்காக என்று கேட்பாள். ரபியா கேட்டதை அடுக்களை ஜன்னல் வழியாக எதிர்வீட்டு சம்சுன்னிசா கேட்பாள். பிறகு டன்லப் தெரு முழுக்கக் கேட்கும்.

வீட்டில் சோறு ஆறிக் கிடந்தது.

"நாந்தான் அனுப்புனேன், நானா," என்று தொடங்கினாள் ரபியா.

"நீ அனுப்பல. அன்னைக்கு ஆளு பத்தல. முந்தின நாளே வரச் சொன்னது நான். நீ ஏசுனாலும் ஏசாட்டியும் மச்சான் போயிருப்பாரு."

அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"நீங்களா?"

"நாந்தான்."

"இத்தனை நாளும் நான் புலம்புனதைக் கேட்டுக்கிட்டு, வாயத் திறக்காம இருந்தீங்களா?"

ரபியா அழுதாள். வெடி வெடித்த நாளிலிருந்து அழாத அழுகை. அழுது முடித்து, தட்டை இழுத்து, மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து, இரண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டாள். கைகழுவிவிட்டு உள்ளறைக்குப் போய்த் திரையை இழுத்து விட்டாள்.

இத்தா முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் வேளா வேளைக்குச் சாப்பிட்டாள், உடம்பும் தேறியது. அவனை மட்டும் ஒருமுறைகூட நானா என்று கூப்பிடவில்லை.