அட்டவணையில் சேராத அறுபத்து மூன்று பேர்

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பிரவீனா வேலை பார்த்தாள். பெயின்ட் பிரிவில் இருப்பவர்களுக்கு வருடந்தோறும் நுரையீரல் பரிசோதனை உண்டு. அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

ஒரு மத்தியானம் செல்லம்மாள் வந்து நின்றாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, பெயின்ட் பிரிவில் நாலு வருஷமாக ஒப்பந்த வேலை.

"டெஸ்ட்டுக்கு அல்லாரையும் கூப்புட்றாங்கோ மேடம். என் பேரு மட்டும் வரவே மாட்டேங்குது. படி ஏறுனா மூச்சு வாங்குது."

பிரவீனா தேடினாள். பிரிவு வாசலில் கார்டு வைத்த பதிவில் செல்லம்மாளின் எண் தினமும் இருந்தது. ஊழியர் அட்டவணையில் இல்லை. ஒப்பந்தக்காரர் மாறியபோது அவள் பெயரை அதில் யாரும் ஏற்றவில்லை. பட்டியலுக்கான கட்டளையில் இரண்டு அட்டவணைகளையும் 'இன்னர் ஜாயின்' சேர்த்தது. இரண்டிலும் எண் இருந்தால்தான் ஆள் வருவார். ஒன்றில் இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதை எழுதியவளே பிரவீனாதான்.

'லெஃப்ட் ஜாயின்' என்று மாற்றினாள். கார்டு வைத்த எல்லோரும் பட்டியலில் வந்தார்கள். அறுபத்து மூன்று பேர் அதிகம். ஆனால் அவர்களுக்குப் பெயர், ஊர், போன் எல்லாமே காலியாக இருந்தன.

மேலாளர் சுப்பிரமணி திரையைப் பார்த்தார். "வெறும் நம்பர வச்சிக்கினு இன்னா பண்றது? பழைய காண்ட்ராக்டரே இப்ப இல்ல."

"இன்னும் வேலைக்கு வர்றவங்களையாவது கூப்பிடலாம் சார்."

"அடுத்த வாரம் ஆடிட். டெஸ்ட் பண்ணாத ஆளுங்க அவங்க கண்ணுல படக்கூடாது. பழையபடி மாத்தி வைம்மா."

பிரவீனா விடுப்பு போட்டு, செல்லம்மாளை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், நுரையீரல் இனி பழைய நிலைக்குத் திரும்பாது என்றார். ரெண்டு வருஷம் முன்பே தெரிந்திருந்தால் வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்.

"தப்பு என்னோடதுதான்க்கா," என்றாள் பிரவீனா, ஷேர் ஆட்டோவில்.

"நீ இன்னாம்மா பண்ணுவ? கம்ப்யூட்டர் வுட்டுட்ச்சி." செல்லம்மாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிரவீனாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடியும் நேரம் கம்பெனி பஸ்கள் நிற்குமிடத்தில் போய் நின்று, அந்த அறுபத்து மூன்று எண்களுக்கும் ஆள் தேடி, பெயின்ட் பிரிவு ஆட்களிடம் கார்டு எண் கேட்டாள்.

"நம்பர் இன்னாத்துக்கு மேடம்? வேலைய வுட்டுத் தூக்கப் போறாங்களா?" என்று ஒருத்தி பயந்து கேட்டாள்.

"இல்லக்கா, டெஸ்ட்டுக்குத்தான்."

யாரும் நம்பவில்லை. கார்டைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக பஸ் ஏறினார்கள்.