முதல் வியாழன் டாக்டர்

கிருபாபாய் டீச்சருக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று சாயர்புரத்தில் பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டே ஏழு மாதமாக ஒரு பொய்க்காகத் திருச்சபை முழுவதையும் முழங்காலில் நிறுத்தியிருந்தார்.

கணவர் பொன்னுதுரை தூத்துக்குடி துறைமுக ஆபீசில் குமாஸ்தா. திடீரென்று அவருக்குத் தூக்கம் போனது, பேச்சு போனது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுவார். ஒருநாள் விடியலில் கிணற்றடியில் நின்றவரைக் கிருபாபாய்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தார். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பச் சீட்டில் எழுத முடியுமா? கோயிலில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பார்களே! "பல்வலி" என்று எழுதிப் போட்டார்.

பல் என்றதற்கும் காரணம் உண்டு. தூத்துக்குடி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மாதத்தின் முதல் வியாழன் மட்டும் ஒரு மனநோய் டாக்டர் வருவார். அவருக்கென்று அறை கிடையாது. அன்றைக்குப் பல் டாக்டர் அறையை ஒழித்துக் கொடுப்பார்கள். ஆகவே பெஞ்சில் முப்பது பேர் கன்னத்தைத் தாங்கியபடி உட்கார்ந்திருப்பார்கள். சீட்டு எழுதும் நல்லக்கண்ணு "என்ன சீக்கு?" என்று கேட்டால், எல்லாரும் "பல்லு, அண்ணாச்சி" என்பார்கள்.

அதே சபை அற்புதமணியும் மகளோடு அங்கே வருவாள்.

"ஒங்களுக்கும் பல்லா டீச்சர்?"

"ஆமாளா, அவுகளுக்குக் கடவாய்ப் பல்லு."

இருவரும் நம்பியதாகக் காட்டிக்கொள்வார்கள், பாவம்.

சபை சும்மா இருக்குமா? வீட்டுக்கொரு கிராம்புத் தைலம் வந்து சேர்ந்தது. போதகர் ஐயா பொன்னுதுரையின் பல்லுக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்தார். முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருந்த மனுஷன் மரியாதைக்கு எல்லாத் தைலத்தையும் பூசிக்கொண்டார். குணம் தெரிந்தது டாக்டரின் மாத்திரையில்தான். மூன்றாம் மாதம் தூங்கினார். ஐந்தாம் மாதம் ஆபீசுக்குப் போனார். போன வாரம் குழம்பில் உப்பில்லை என்று கத்தினார். கிருபாபாய்க்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

இந்த வியாழன் டாக்டர் மருந்து எழுதிக்கொண்டே, "அம்மா, இனிமே நான் வருவேனான்னு தெரியல" என்றார். "மனநோய்னு ரிஜிஸ்தர்ல மூணு பேர்தான் இருக்காங்க. மூணு பேருக்கு டாக்டர் எதுக்கு, மருந்துக்குப் பணம் எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க. இந்த மாசக் கணக்கு சாயங்காலம் போகுது. அதுலயும் மூணுன்னா முடிஞ்சுது."

"வெளிய முப்பது பேர் இருக்காவளே டாக்டர்!"

"அவங்கெல்லாம் பல் கணக்கு. பல் டாக்டருக்கு ரெண்டாவது நாற்காலி சாங்ஷன் ஆயிருக்கு."

மாத்திரை நின்றால் மறுபடியும் அந்தக் கிணற்றடியா? கிருபாபாய் விறுவிறுவென்று சீட்டு எழுதும் இடத்துக்கு நடந்தார்.

"அண்ணாச்சி, அடிச்சிட்டு எழுதுங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பல்லுல ஒண்ணுமில்ல. மனசுலதான் சீக்கு."

பெஞ்சில் கன்னத்தைத் தாங்கியிருந்த கைகள் இறங்கின. பொன்னுதுரை பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏளா, மெதுவா! நம்ம சபை ஆளுவ இருக்காவ."

நல்லக்கண்ணு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவரைப் பார்த்தார். பொன்னுதுரைக்கு அவமானத்தில் காது எரிந்தது.

"எழுதுங்க அண்ணாச்சி" என்றார் பிறகு. "பேரு பொன்னுதுரை. போர்ட்ல குமாஸ்தா. மனசுதான். இப்பம் தேறிட்டு வாரேன், அதையும் எழுதுங்க."

"அதுக்கு இதுல கட்டம் இல்லய்யா" என்றபடி நல்லக்கண்ணு எழுதி முடித்தார். "அடுத்து யாரு?"

கிருபாபாய் அற்புதமணியைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் வற்புறுத்தியதாகிவிடும். கடைசியில் அற்புதமணியே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என் மவ ஞானதீபம். பத்தொம்பது வயசு. கல்யாணத்துக்குப் பாக்கோம்..." அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

நல்லக்கண்ணு காத்திருந்தார்.

"மனசுன்னு எழுதுங்க" என்றாள் ஞானதீபம்.