இரண்டு விரல் அகலம்

வாசலில் பெஞ்சு போட்டு முனிகிருஷ்ணனைக் கிடத்தி, சொந்தபந்தமெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது. வலது கையை மட்டும் செங்கம்மா யாரையும் தொட விடவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்த புருஷனின் கையைத் தானே துடைத்தாள், தானே சந்தனம் குழைத்து விரல்களில் அப்பினாள்.

"கைக்கு எதுக்குமா இவ்ளோ சந்தனம்?" என்று தட்டைப் பிடித்திருந்த மகள் நளினி கேட்டாள்.

"நீ தட்டைப் புடி."

திருப்பதியில் வேலை பார்க்கும் நளினிக்குக் காலையில் போனில் சொன்னதெல்லாம் 'நைனாவுக்கு நெஞ்சு வலி, நெலத்துலயே பூட்டாரு' என்பதுதான். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். இப்போது ஊற்றிய தண்ணீரில் சந்தனம் கரைந்து வழிய, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் கருகிப் பிளந்திருப்பதைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

அந்த இரண்டு விரல்களை ஊருக்கே தெரியும். மலையடி நிலமாயிற்றே, மான் வராத நாள் ஏது. காலையில் வரப்பில் மானின் காலடி கண்டால் போதும், மனுஷன் குந்திவிடுவார். விரலை மண்ணில் பதித்துப் பள்ளத்தோடு ஒட்டிப் பார்ப்பார். இரண்டு விரல் அகலம் என்றால் குட்டி, மூன்று விரல் என்றால் பெட்டை. நான்கு விரல் அகலத்தில், ஆழமாகப் பதிந்து, முனை தேய்ந்து மழுங்கியிருந்தால் அது வயசான கடமான். முனை கூராக இருந்தால் இளசு. "மானுக்கு நாடி புடிக்கிறாரு பாரு" என்று வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அவரோ கவலையே படமாட்டார், நளினிக்குப் போன் போட்டு அன்றைக்கு வந்தது யார் என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியே குடிப்பார்.

தம்பி ஸ்ரீஹரி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குந்தியிருந்தான். நளினி போய் எதிரே நின்றாள். அவன் நிமிரவில்லை.

"நெலத்துல இன்னாடா வெச்ச?"

"பன்னிக்குன்னுதான்க்கா ஒயர் கட்டினேன். நைனாக்குத் தெரியாது. நெலத்துக்கு வர்ற கரண்ட் வெடியறதுக்குள்ள பூடும், போய் சுத்திக்கினு வந்துடுவேன். இந்த வாரம் கரண்ட் டர்ன் மாறிப்போச்சு. மறந்து தூங்கிட்டேன்."

"ஒயர் இப்ப எங்க?"

"அங்கியே கீது."

"மோட்டார் பீஸைப் புடுங்கினியா?"

"கட்டையால நைனாவத் தள்ளினேன். அதுக்கப்புறம் எதுவும் ஞாபகம் இல்லக்கா." அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னை ஜெயில்ல போடுவாங்களாக்கா?"

சுடுகாட்டுக்குப் போகிற வழியே அந்த வரப்புதான். பாடை தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். மத்தியானக் கரண்ட் வருகிற நேரம்.

இது போதாதென்று வாசலில் கிருஷ்ணப்பா வேறு காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். காட்டிலாகா வாட்சர், சொந்த ஊர் புத்தலப்பட்டு. நைனாவின் கூட்டாளி. இரண்டு பேரும் வரப்பில் குந்தி அடி பார்க்க ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது.

"ஏம்மா நளினி," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பெட்டை ஒண்ணு குட்டியோட வருதுன்னு நேத்து கூட போன்ல சொன்னாரும்மா. எடுக்கறப்ப அந்த வழியாத்தானே போறோம். ஒருவாட்டி பாத்துக்கறேன்."

"சரி மாமா" என்றாள். துளசி பறித்து வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் பின்பக்கமாக நடந்தாள். வேர்க்கடலைக் காட்டுக்குள் வந்ததும் ஓடினாள்.

மோட்டார் கொட்டகையில் பல்பு எரியவில்லை, கரண்ட் இன்னும் வரவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். பிடுங்கிய கையோடு கரண்ட் வந்து, பீஸுக்கு முன்னாலேயே இணைத்திருந்த பல்பு பளிச்சென்று எரிந்தது. கட்டை கை நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்த வீட்டில் எத்தனை பாடை கட்ட வேண்டியிருந்திருக்குமோ.

பீஸ் பிடுங்கிய பிறகும் ஒயரைத் தொட மனசு வரவில்லை. குச்சியால் நெம்பி, முளைகளைப் பிடுங்கி, சுருட்டிக்கொண்டே வரப்பின் மூலைக்கு வந்தாள். அங்கே ஈர மண்ணில் அடிகள் இருந்தன.

நைனாவின் மகள் அல்லவா, கண் தானாகவே படித்தது. மூன்று விரல் அகலத்தில் பெட்டை. அதன் ஓரமாகவே சின்ன அடி, முனை கூராக. இரண்டும் ஒயர் வரைக்கும் வந்திருந்தன. அங்கே பெட்டையின் முன்னங்கால்கள் ஆழமாகப் பதிந்திருந்தன, என்னவோ உறுத்தி நின்றிருக்கிறது. பிறகு குட்டியோடு வந்த வழியே திரும்பிவிட்டது. ஏன் திரும்பியது என்று பார்க்கத்தான் நைனா இங்கே குந்தியிருக்க வேண்டும். சின்ன அடியை ஒட்டி இரண்டு விரல் பதிந்த குழி இருந்தது. மண்ணிலிருந்து எடுத்த விரல் அப்படியே ஒயரில் பட்டிருக்கிறது.

பின்னால் காலடி கேட்டது. நளினி ஒயரை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். அம்மா நின்றிருந்தாள்.

"எத்தினி விரலு?" என்று கேட்டாள் செங்கம்மா.

"ரெண்டு."

"அப்ப குட்டி." அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒயரைக் கிணத்துல போடு. அவனை ஒண்ணும் கேக்காத. நானும் கேக்கமாட்டேன். கொள்ளி வெக்கிறதுக்கு எனக்கு அவன் ஒருத்தன்தான் கீறான்."

ஒயரைக் கிணற்றில் போட்டுவிட்டு நளினி திரும்பிப் பார்த்தபோது, அம்மா முளைக் குழிகளையும் மான் அடிகளையும் காலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த விரல் குழிக்கு வந்தாள். காலைத் தூக்கினாள், கீழே வைக்கவில்லை. குந்தினாள். தன் இரண்டு விரல்களை அதற்குள் வைத்தாள். பிறகு உள்ளங்கையால் மெதுவாக மண்ணைத் தள்ளி மூடினாள்.

முன்னால் போன அம்மா பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். நளினி வாசலுக்கு வந்தபோது ஸ்ரீஹரி குளித்து, ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டி பிடித்து நின்றிருந்தான். கிருஷ்ணப்பா எழுந்து வந்தார்.

"நெலத்துக்கா போய்க்கினு வந்த? மான் வந்துச்சாம்மா?"

மான் விஷயத்தில் ஒரு விரல் கூட்டியோ குறைத்தோ சொன்னால் நைனா சோறு துன்ன மாட்டார். அவர் அங்கே பாடையில் கிடந்தார்.

"வரல மாமா."

கிருஷ்ணப்பா குனிந்து அவள் கால்களைப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் சேறு. அங்கிருந்து அவர் பார்வை, தூரத்தில் உட்கார்ந்திருந்த செங்கம்மாவின் சேறு படிந்த விரல்களுக்குப் போயிற்று. சந்தனம் அப்பிய அந்தக் கைக்குப் போயிற்று. ஸ்ரீஹரியிடம் வந்து நின்றது.

அவர் குடத்தைச் சாய்த்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டார்.

"காலக் காட்டும்மா" என்று சொல்லி, சேறு முழுக்கப் போகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.