சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

அடால்ஜிசாவின் நிலவறையில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து படுத்திருந்த கல் மனிதர், இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருஷம் கழித்து, திராட்சை பறிப்பு முடிந்த வாரத்தில் வாயைத் திறந்து, “இந்தத் தடவை புளிப்பு ஜாஸ்தி” என்றார். அவள் பீப்பாயை முகர்ந்து பார்த்தாள். அவர் சொன்னது சரிதான்.

இத்தாலியில், விதெர்போ மாகாணத்து ரோக்கால்வாவில் இது ஆச்சரியமில்லை. ஊரே, ரோமாபுரிக்காரர்களுக்கு முன்னால் அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்களின் கல்லறைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒயின் வைக்க இடம் தோண்டினால் சவப்பெட்டி மூடிமேல் யாராவது கல்லாகப் படுத்திருப்பார்கள். தொல்லியல் இலாகாவுக்குத் தெரிந்தால் நிலவறையைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். பூட்டு துருவேறிய பிறகுதான் ஆள் வரும். அதனால் தோண்டுகிறவர்கள் சிலுவைக் குறி போட்டு, படுத்திருப்பவர் முன்னால் பெரிய பீப்பாயாகப் பார்த்து நிறுத்தி, வாயை மூடிக்கொள்வார்கள். அடால்ஜிசாவின் கணவர் சாகக் கிடந்தபோதுதான் அவளிடமே சொன்னார்.

கல் மனிதரின் பெயர் வெல்தூர். மேலே நடந்த பேச்சையெல்லாம் காலகாலமாகக் கேட்டுக் கேட்டு ஊர்ப் பாஷை அவருக்கு அத்துப்படி. தனியாகச் சாப்பிட்டுப் பழகியிருந்த அடால்ஜிசா நாற்காலியைக் கீழே கொண்டுபோய்ப் போட்டாள். அவள் பயற்றங்காய் சூப் குடிப்பாள். அவர் வாசனை பிடிப்பார். ரோமாபுரிக்காரர்களைப் பற்றி அவர் பேசினால் அவளுக்குச் சிரித்து வயிறு வலிக்கும்.

பனிக்காலத்தில் அவர் விரல்கள் மாவாய் உதிர ஆரம்பித்தன.

“என்னாச்சுங்க?”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் என் சம்சாரம் சிரிக்கிறா. நான் இல்லாம அவளுக்கு அப்படி என்ன சிரிப்பு?”

அந்தப் பக்கம் நசரேனோவின் நிலவறை. ஓர் அத்திக்கிளையை வெட்டிய தகராறில் அவரோடு அடால்ஜிசாவுக்குப் போருக்கு முன்பே பேச்சு நின்றிருந்தது. அவரிடம் வாய்விட்டால், அவர் இலாகாவுக்குச் சொல்லும் ஒரு வார்த்தையில் நிலவறையும் போகும், அதில் இருப்பவரும் போவார். ஆனால் வெல்தூரின் மணிக்கட்டுவரை உதிர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலயப் படிக்கட்டில் நசரேனோவை மறித்தாள்.

“உங்க நிலவறையில யாரு சிரிக்கிறது?”

அவர் முகம் வெளுத்தது. “எலி.”

“எலி சிரிக்குமா?”

“எங்க வீட்டு எலி சிரிக்கும். ஏன், இலாகாவுக்கு எழுதிப் போடப் போறியா? ஒரு கிளைக்கு இவ்வளவு வஞ்சமா?”

அவரும் தன்னைப் போலவே பயந்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “நான் எங்க எழுத? எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு. வெல்தூர்னு பேரு. பொண்டாட்டிய நினைச்சே உதிர்ந்து போறாரு.”

நசரேனோ தொப்பியைக் கழற்றினார். “ரம்தாவோட வீட்டுக்காரரா? அட கஷ்டகாலமே! அந்தம்மா சிரிக்கிறதே அவர் காதுல விழட்டும்னுதான். தினம் ஒரு வேடிக்கைக் கதை சொல்லுன்னு என் உசுர வாங்குறாங்க. என்கிட்ட சரக்கு தீர்ந்து மாசமாச்சு.”

அன்று மத்தியானமே கடப்பாரையால் சுவரை இடித்தார்கள். வெல்தூர் முழங்கால்கள் கரகரக்க எழுந்து, இடிபாட்டைத் தாண்டி நடந்துபோய், ரம்தாவின் படுக்கையில் அவளுக்குப் பின்னால் சாய்ந்தார். மிச்சமிருந்த கையை அவள் தோளில் போட்டார்.

“பக்கத்து அறையிலேர்ந்து வர இவ்வளவு நேரமா?” என்றாள் ரம்தா. அதற்குப் பிறகு ஒரு துகள்கூட உதிரவில்லை.

அந்த வாரம் தெருவில் வேறு பல வீடுகளிலிருந்தும் கடப்பாரைச் சத்தம் கேட்டது. யாரும் யாரையும் என்னவென்று கேட்கவில்லை. இப்போது ரோக்கால்வாவில் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிலவறை வழியாகவே போகலாம். மழை நாட்களில் எல்லோரும் அப்படித்தான் பூசைக்குப் போகிறார்கள், வழியில் படுத்திருக்கும் தம்பதிகளிடம் சௌக்கியம் விசாரித்துக்கொண்டு.